மாசி மாதத்தில் ஓர் அருவி

எனக்கு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் வேலை. உள்ளே வரும் எண்ணெயையும் வெளியே போகும் சோப்பையும் நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். டிகிரி முடித்த கையோடு இந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஓடியதில் சந்தேகம் எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டில் பால் திரிந்தால் அம்மா இன்னொரு பாக்கெட் வாங்கி வரச் சொல்வார். நான் திரிந்த பாலை முகர்ந்துகொண்டு அடுப்பங்கரையிலேயே நிற்பேன்.

அந்தப் படம் வந்தபோதும் லேபில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டிருந்தான் ஸ்டுடியோக்காரன். அவன் கல்யாண ஸ்டுடியோ ஒன்றில் வேலை செய்பவன், கடலோரக் கிராமத்துப் பையன், என் வயதுதான். கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு பாறைகளுக்கு நடுவில் பாலைக் கொட்டியது போல ஓர் அருவி. ஓரங்களில் முறுக்கிக்கொண்ட வேர்கள், பின்னால் இருண்ட காடு. கீழே ஒரே வரி: 'நம்ம ஊர்லேர்ந்து முக்கால் மணி நேரம். நேத்து எடுத்தது.'

எங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் வில்லியனூர் ரோட்டு மேம்பாலத்தைத்தான் காட்ட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் எந்தப் பக்கம் போனாலும் மலை கிடையாது. போதாததற்கு இது மாசி மாதம். மழை நின்று இரண்டு மாதமாகியிருந்தது. மூலக்குளத்தில் எங்கள் தெரு ஓரத்துப் பள்ளம்கூடக் காய்ந்து, பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இதில் அருவி எங்கிருந்து வரும்? பெரிதாக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வரைந்து கொடுத்த படமாக இருந்தால் இலைகள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். அப்படி இல்லை. ஆனால் படத்தில் ஆள் இல்லை, பறவை இல்லை, அளவு தெரிகிற மாதிரி ஒரு பொருள்கூட இல்லை. அது இன்னும் மோசம் என்று தோன்றியது.

இதில் எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். குழுவில் மூத்தவர் ஒரு பிரெஞ்சு வாத்தியார். ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை தன் வீட்டு முன்கூடத்தை எங்களுக்குத் திறந்துவிடுவார், சுவரில் படங்களை மாட்டி ஊர்க்காரர்களைக் கூப்பிடுவோம். சுவரில் ஆணிகள் இத்தனைதான், புதிதாக அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அந்த வருஷம் ஒரு ஆணியைத் தவிர மற்றதெல்லாம் முடிவாகியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஆணி, ஊசுட்டேரியில் நான் எடுத்த சிறகு விரித்த நீர்க்காகத்துக்கு என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அருவி வந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. 'மாசி மாசத்துல அருவியா? லொக்கேஷன் போடு, அப்புறம் பேசு' என்று எழுதினேன்.

பிறகு முசியே வந்தார். அவர் அதிகம் எழுத மாட்டார். எதிலாவது சந்தேகம் வந்தால் ஒரே வார்த்தை: 'வ்ரே?' உண்மையா என்று அர்த்தம், பிரெஞ்சு தெரியாத எங்களுக்குக்கூட அந்த ஒரு வார்த்தை தெரியும்.

'நெஜம்தான் முசியே' என்று ஸ்டுடியோக்காரன் எழுதினான். லொக்கேஷன் போடவில்லை.

அடுத்த நிமிஷம் எனக்கு போன் வந்தது.

"லேப் மேடம், உனக்கு இன்னாதான் பிரச்சன?"

"அருவிதான் பிரச்சன. எப்படிப்பா வரும் இந்த மாசத்துல?"

"வருது. நான் இன்னா பண்ணட்டும், போய் அடைக்கவா?"

"எங்க வருதுன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமையே பாதி ஊரு பிரியாணிப் பொட்டலத்தோட அங்க உக்காந்திருக்கும். கூட்டினு போறேன், வரியா?"

வருகிறேன் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். குழுவில் போய் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதினேன்: 'சனிக்கிழமை நானே நேரில் பார்க்கிறேன். பொய் என்றால் அந்தப் படம் சுவரில் ஏறக் கூடாது. உண்மை என்றால் என் படத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்.'

அவனுக்கு அந்த ஆணி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு வருஷமாக ஊரில் பாதிக் கல்யாணத்தை அவன்தான் எடுக்கிறான், ஆல்பத்தில் ஸ்டுடியோவின் பேர்தான் இருக்கும். ஒரு படத்துக்குக் கீழே அவன் பேரை அச்சடிக்கப்போவது இந்தச் சுவரில்தான், அதுவும் முதல் தடவையாக. தெரிந்துதான் எழுதினேன். பொய்க்குப் பேர் எதற்கு என்று நினைத்தேன்.

கிளம்பும் முன் இரண்டு நிபந்தனை போட்டான். போனில் லொக்கேஷனை அணைக்க வேண்டும். பத்து மணிக்கு முன்னால் அங்கே போய்ப் பிரயோஜனம் இல்லை.

"ஏன், பத்து மணிக்குத்தான் அருவி ஆபீஸ் தொறக்குமா?"

"கடலுக்கு நேரம் காலம் இல்லியா? அது மாதிரி இதுக்கும் ஒண்ணு. வா, சும்மா நோண்டாத."

இதைக் கேட்டதும் என் சந்தேகம் இரட்டிப்பானது. நேரம் பார்த்து வரும் தண்ணீர் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஷிப்டு முடிந்ததும் யாரோ திறந்துவிடும் கம்பெனிக் கழிவு. படத்தில் அந்த வெள்ளை நுரையாகக்கூட இருக்கலாம். லேபிலிருந்து பி.எச். தாள் நாலு துண்டு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல தண்ணீரா, கார நீரா, அமில நீரா என்று அந்தத் தாள் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கிழமை காலை கருவடிக்குப்பத்தில் என் வண்டியை விட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறினேன். வடக்கே போனோம். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் மண் சிவக்க ஆரம்பித்தது. முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு, நடுவில் யாரோ வெகுநாள் முன்பு நட்டு இப்போது காடாகிவிட்ட மரங்கள். மூன்று தடவை திரும்பினான். ஒரு திருப்பத்துக்குத் திரும்பவும் வந்தது போலிருந்தது.

"என்ன சுத்தி சுத்திக் கூட்டினு போறியா?"

"நீ வழிய மனப்பாடம் பண்ணிடுவியே."

அவனும் என்னைச் சந்தேகப்பட்டான். அதில் தப்பு சொல்ல முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு அவன் முள்வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, போனில் லொக்கேஷனைப் போட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி குத்திச் சேமித்துவிட்டு மறுபடி அணைத்தேன். ஆதாரம் வேண்டாமா?

தரை திடீரென்று பிளந்தது போல ஓர் ஓடை. மழை அறுத்து அறுத்து உண்டாக்கிய செம்மண் பள்ளம், இரண்டு ஆள் ஆழம், ஓரமெல்லாம் வேர்கள் தொங்கின. உள்ளே இறங்கியதும் வெயில் இல்லை. கொஞ்ச தூரம் நடந்து ஒரு திருப்பத்தில் நின்றான்.

"இதான்."

பார்த்தேன். காய்ந்த பாறை. அவன் படத்தில் இருந்த அதே வேர், அதே வெடிப்பு. ஆனால் பாறையின் உயரம் என் இடுப்புக்கு வந்தது.

"இதா? இந்தத் திண்டா?"

"படுத்துனு எடுத்தேன்."

"தண்ணி எங்க?"

"மணி இன்னா?"

"ஒம்பதே முக்கால்."

"அப்ப உக்காரு." அவன் பையிலிருந்து மசால்வடைப் பொட்டலத்தைப் பிரித்தான். எனக்கு ஒன்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன், அவனை நம்பாமலேயே தின்றேன்.

பத்து மணி தாண்டி ஐந்தாறு நிமிஷம் இருக்கும். மேலே எங்கோ ஓர் உறுமல் கேட்டு நின்றது போல இருந்தது. பிறகு இலைச் சருகுகள் மெல்ல நகர்கிற சத்தம். பாறையின் மேல் விளிம்பில் தூசியை உருட்டிக்கொண்டு ஒரு நாக்கு போல எட்டிப் பார்த்தது தண்ணீர். ஒரு நொடி தயங்கி, இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வலது பக்கம் பாறை மேல் ஒரு கற்றை. இடது பக்கம் முட்செடிக்குப் பின்னால் இன்னொன்று. நிறம் ஆறிப்போன டீ. கறுப்பு வெள்ளையின் ரகசியம் அப்போது புரிந்தது. இந்த நிறத்தோடு போட்டிருந்தால் யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

தாளை நனைத்தேன். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றது. நல்ல தண்ணீர்.

"சோப்புத் தண்ணியான்னு பாக்குறியா? குடிச்சே பாரேன்" என்று சிரித்தான்.

குடிக்கவில்லை. ஆனால் உள்ளங்கையில் ஏந்தியபோது ஒன்று உறைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நிழலில் ஓடிவரும் தண்ணீர் ஜில்லென்றல்லவா இருக்க வேண்டும்? கம்பெனியில் ஆழ்துளைக் குழாயைத் திறந்ததும் இப்படித்தான் வெதுவெதுப்பாகக் கொட்டும். அந்த உறுமல், பத்து மணி, இந்தச் சூடு, எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்தின.

"மோட்டார்!"

அவன் வடையைத் தின்றுகொண்டே இருந்தான்.

"மேல போர் இருக்கு. விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு பத்து மணிக்கு வருது. அதோட இதுவும் வருது. சரியா?"

"சரி. கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும். அதுக்கு இன்னா இப்ப? விழறது தண்ணி. எடம் காடு. நான் அருவின்னு சொன்னேன். தானா மலையில பொறந்துச்சுன்னு சொன்னனா?"

"இது ஏமாத்து வேலை."

"உன் நீர்க்காகத்துகிட்ட சம்மதம் கேட்டியா நீ?"

என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியாது. ஆனால் நான் ஜெயித்துவிட்டேன். குழுவில் மோட்டார் என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது, ஆணி என்னுடையது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தபோதுதான் மேலிருந்த கிளைகள் வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கி, சரியாகத் தண்ணீர் விழும் இடத்தில் வந்து நின்றது. மோட்டார் தண்ணீர் என்று தெரிந்தும் கை கேமராவுக்குப் போனது. ஒரே ஒரு படம் என்று நினைத்தேன்.

அவன் உடனே வாத்தியாராகிவிட்டான். ஷட்டரை மெதுவாக்கு, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போடு, தண்ணீர் தானாகப் பாலாகும். போட்டேன். பால் போதவில்லை. கற்றை ஒல்லியாக இருந்தது.

"எடது பக்கம் போறத அடச்சிட்டா எல்லாம் இங்கியே வரும். நான் வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். அதோ பாரு, நான் வெச்ச கல்லு இன்னும் அங்கியே இருக்குது."

இருந்தன. ஏனோதானோ என்று அடுக்கிய நாலைந்து கற்கள். இடுக்கு வழியாகப் பாதிக்கு மேல் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். கற்களை எடுத்து ஒழுங்காக அடுக்கினேன். இடுக்கில் களிமண்ணை அப்பினேன். அப்படியும் ஒரு சொட்டு ஒழுகியது. மழை நின்றும் பையிலேயே கிடந்த என் மழைக்கோட்டை மடித்து உள்ளே சொருகி அதன் மேல் மண்ணை மிதித்தேன். ஒரு துளி போகவில்லை. வலது பக்கம் தண்ணீர் திரைச்சீலை போல விரிந்து விழுந்தது.

"அம்மாடி! லேப் மேடம்னா லேப் மேடம்தான்" என்றான்.

செம்மண்ணில் குப்புறப் படுத்து எத்தனை எடுத்தேன் என்று தெரியாது. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். கீழே, ஓடையின் வளைவில், யாரோ முள்ளை வெட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"யார்ரா அது மேல?"

மண்வெட்டியோடு ஓர் அம்மா ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் சொருகியிருந்தார், முழங்காலில் முள் கீறி ரத்தம். படுத்துக் கிடந்த என்னையும் பக்கத்தில் குந்தியிருந்த அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜோடியா? ஊருல பார்க்கு பீச்செல்லாம் மூடிட்டாங்களா?"

"ஐயோ அக்கா, ஜோடி இல்ல. படம் எடுக்க வந்தோம்."

"வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்றாங்க." அப்புறம் அவர் கண் என்னைத் தாண்டிப் பாறையின் இடது பக்கம் போய் நின்றது. நேராகப் போய்க் குனிந்து, மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் மழைக்கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இது யாருது?"

"என்னுது அக்கா."

"எதுக்கு இங்க சொருகின?"

"தண்ணி ஒரே பக்கமா விழுந்தா... படம் நல்லா இருக்கும்னு."

"படத்துக்கா?" அவர் குரல் ஏறவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "படத்துக்கா அடச்ச?"

கோட்டை எங்கள் பக்கம் எறிந்துவிட்டு மண்வெட்டியால் இரண்டே போடு போட்டார். நான் கட்டிய அணை போனது. தண்ணீர் இடது பக்கம் பாய்ந்தது. அது போகும் வழியையே பார்த்துக்கொண்டு பேசினார். கீழே அவருடைய கொல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கிறார். மேலே இருக்கும் போர் அவர் வீட்டுக்காரருக்கும் வீட்டுக்காரரின் தம்பிக்கும் பொது. ஒரு நாள் இவருக்கு, ஒரு நாள் தம்பிக்கு என்று முறை. கொல்லைக்குப் போட்டிருந்த பைப்பைப் புயல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், இந்த ஓடையையே வாய்க்காலாக்கி இடது பக்கமாகத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் விழுவது மணலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும்.

"பூ உட்டு விழுது எறங்குற நேரம் பாப்பா. இப்ப தண்ணி நின்னா மண்ணுக்குள்ள ஒண்ணும் புடிக்காது, வெறும் கொடியத்தான் புடுங்கணும். பதினஞ்சு நாளா பாதித் தண்ணிதான் வருது. இன்னிக்குச் சுத்தமா இல்ல. மொதல்ல கொறஞ்சப்பவே கொழுந்தன்தான் என் முறையில மேல திருப்பிக்கிறான்னு நெனச்சேன். நேரா போயி கேட்டேன். தொறந்துதான் உட்டிருக்கேன் அண்ணின்னான். நம்பல. திருடன்னு சொல்லிட்டேன், அவன் பொண்டாட்டி எதிர்லியே. போன வாரம் அவன் பொண்ணுக்குக் காதுகுத்து. பெரியம்மா நான். போவல."

ஸ்டுடியோக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து நாளில் அவன் நாலு தடவை வந்திருக்கிறான். பத்து மணிக்குத் தண்ணீர் வரும் நாள் எது என்று கணக்காகத் தெரிந்து வைத்துக்கொண்டு, நாலு தடவையும் இவர் முறையில்.

"வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில வாட்ச்மேன். போன்ல சொன்னாரு, சண்டைக்குப் போவாத, ஓடையில ஏறிப் பாருன்னு. முள்ளு, பாம்புன்னு இத்தினி நாளு ஏறல. ஏறியிருக்கணும்." மண்வெட்டியைத் தோளில் போட்டார். "நட. என்கிட்ட சொன்னத அவன்கிட்ட வந்து சொல்லு, ரெண்டு பேரும். நான் சொன்னா நம்ப மாட்டான்."

ஏறிப் போனோம். அந்த அம்மா தோப்பு ஓரத்திலேயே நின்றுவிட்டார். கொழுந்தனார் மோட்டார் கொட்டகை நிழலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரன் சொன்னான், நடுநடுவே நானும் சொன்னேன். அவர் காற்றடிப்பதை நிறுத்தவே இல்லை.

"அண்ணி அனுப்பிச்சாங்களா?"

"ஆமா. இல்ல, அனுப்பினாங்க, ஆனா நாங்கதான்..."

"திருடன்னு சொன்னது சொன்னதுதான். இப்ப ஆளு வெச்சுக் கத சொல்றாங்களா? எவனாவது படம் புடிக்கறதுக்கு ஓடைய அடைப்பானா?"

ஸ்டுடியோக்காரன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். அவர் எண்ணெய்ப் பிசுக்கு விரலால் பெரிதாக்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"இது குத்தாலம்."

"இல்லண்ணே, உங்க ஓடைதான்."

"யாருகிட்ட? நான் பொறந்ததுலேர்ந்து அந்த ஓடையில இருக்கேன். இம்மாம் பெரிய அருவி அங்க ஏது? லொக்கேஷன மாத்திச் சொல்றியா?"

குழுவில் நான் எழுதியது அந்த ஓடைக்குச் சொந்தக்காரர் வாயிலிருந்து அப்படியே வந்துகொண்டிருந்தது. பிறகு படத்தை வாங்கி இடது ஓரத்தைப் பெரிதாக்கி அவரிடம் கொடுத்தேன். முட்செடிக்குப் பின்னால், நிழலில், பாதி மட்டும் நனைந்த பாறையும் அதன் தலையில் அடுக்கிய கற்களும் தெரிந்தன. நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்த படம்தான். இலையைப் பார்த்தேன், நுரையைப் பார்த்தேன். அந்தக் கற்களை மட்டும் பார்த்ததே இல்லை.

அவர் வெகு நேரம் பார்த்தார். பம்பைக் கீழே வைத்தார். எங்களோடு இறங்கி வந்து ஓடையில் நின்று வேரைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், கலைந்து கிடந்த கற்களைக் காலால் தள்ளினார். அண்ணி ஐந்தடி தூரத்தில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார் அவர் ஸ்டுடியோக்காரனிடம், "இன்னிக்கு என் மொறையில்ல. நாளைக்கு என் மொறையையும் அவங்களே எடுத்துக்கட்டும்னு சொல்லு."

"அக்கா, நாளைக்கும்..."

"காது கேக்குது" என்றார் அந்த அம்மா. "பொண்ணுக்குக் காது ஆறிடுச்சான்னு கேளு."

"ஒரு பக்கம் சீழ் வெச்சிருக்குதுன்னு சொல்லு."

"தேங்கா எண்ணெய் போடச் சொல்லு. சாயங்காலம் வந்து பாக்கறேன்னு... வேணாம், அதச் சொல்லாத."

சொல்லத் தேவையில்லை. அவர் ஐந்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

கிளம்பும் முன் ஸ்டுடியோக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான், இப்போது இருப்பது போலவே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று. அந்த அம்மா மண்வெட்டியைப் பாறையில் சாத்திவிட்டு முழங்கால் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "எடு. ஒரு கல்லத் தொட்டன்னா அந்த மண்வெட்டிதான். அப்புறம் எந்த எடம்னு எவன்கிட்டயும் சொல்லாத. ரெண்டு பேருக்கே இந்தப் பாடு, நாலு பேரு வந்தா நான் கொடியத்தான் புடுங்கணும்."

நின்றுகொண்டே எடுத்தான். நிறத்தோடு. இரண்டு ஒல்லிக் கற்றைகள், ஆறிய டீயின் நிறம், பக்கத்தில் மண்வெட்டி. அருவியைவிட மண்வெட்டி கொஞ்சம் உயரம்.

கருவடிக்குப்பத்தில் என்னை இறக்கிவிட்டான். நான் என் வண்டியை எடுக்கும்போது கேட்டான்: "குரூப்புல மோட்டார்னு போடப் போறியா?"

"நீ எதை மாட்டப் போற?"

"இன்னிக்கு எடுத்தத. பழசு வேணாம். அத எங்க பாத்தாலும் எனக்கு அந்தக் கல்லுதான் தெரியும்."

அவன் போன பிறகு போனைத் திறந்து அந்தப் புள்ளியை அழித்தேன். குழுவில் இவ்வளவுதான் எழுதினேன்: 'போய்ப் பார்த்தேன். இடம் உண்மை, தண்ணீர் உண்மை. மோட்டார் தண்ணீர். சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கவும். என் படத்தை எடுத்துக்கொள்கிறேன்.' அடியில் அவனுடைய புதுப் படம் வந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் எழுதினார்: 'இதுவா அந்த அருவி? அப்ப முதல்ல போட்டது டூப்புதானே.' இன்னொருவர்: 'ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க போல.' மூன்றாவதாக ஒருவர் என் வரியையே எனக்குத் திருப்பி அனுப்பினார்: 'லொக்கேஷன் போடு, அப்புறம் பேசு.' எனக்குக் கோபம் வந்தது. போடவும் முடியாது, ஏன் போட முடியாது என்று விளக்கினால் அதுவும் கதையாகத்தான் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், முசியே வீட்டு முன்கூடத்தில் கடைசி ஆணியில் ஸ்டுடியோக்காரன் அந்தப் படத்தை மாட்டினான். கீழே அவன் பேர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'பத்து மணிக்குக் கரண்டு வந்த பிறகு'. முசியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். தன் போனில் பழைய படத்தைத் திறந்தார், கறுப்பு வெள்ளைப் பால் அருவி. அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"வ்ரே?"

"வ்ரே, முசியே."

"எது?"

"ரெண்டும்தான்."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தார். லேபில் யாராவது பில் இல்லாமல் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்தால் நான் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு, படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, அதை நேராக்கிவிட்டு உள்ளே போனார்.